பழைய புல்லட்: பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் போடலாமா?

கட்டைவண்டி94:
வணக்கம். என்னிடம் இருப்பது 94 மாடல் 350 காஸ்ட் அயர்ன் புல்லட், 12 வோல்ட், பாயிண்ட் இக்னிஷன் (இரண்டு முனைகள் திறந்து மூடி ஸ்பார்க்கைக் கிளப்பும் பழைய முறை). காலையில் இரண்டாவது கிக்கிலேயே எழுந்துவிடும். பிரச்சினையே சூடான பிறகுதான். போன வாரம் திண்டுக்கல்லில் இருந்து கிளம்பி வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது திக்கித் திக்கி, சைலன்சரில் இரண்டு முறை வெடித்து, நின்றே விட்டது. அரை மணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது! மெக்கானிக் "பாயிண்டே வேண்டாம் சார், எலக்ட்ரானிக் கிட் போட்டுடலாம்" என்கிறார். போட்டவர்கள் சொல்லுங்கள், செலவு செய்யலாமா?

பழையபீட்:
தம்பி, கிட் வாங்குவதற்கு முன்னால் கண்டென்சரை (பாயிண்ட் முனையில் பெரிய பொறி பறக்காமல் தடுக்கும் சின்ன உருளை) மாற்றிப் பாருங்கள். நீங்கள் சொல்வது அப்படியே அதன் குணம். புல்லட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் (பாயிண்டும் கண்டென்சரும் இருக்கும் டப்பா) சிலிண்டருக்குப் பின்னால் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர் ஓடிக் குளிரும் இன்ஜினும் இல்லை, மலை ஏறும்போது எதிர்காற்றும் குறைவு, அந்தச் சூடு முழுக்க அதன் மேல்தான் இறங்கும். கண்டென்சர் சூட்டில் விட்டுக்கொடுக்கும், ஆறினால் திரும்பி வரும். இருட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு ஒருவரைக் கிக் அடிக்கச் சொல்லுங்கள். பாயிண்ட் முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பொறி வந்தால் சரி, மஞ்சளாகப் பெரிதாகப் பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. முனையும் கருகிக் குழி விழுந்திருக்கும்.

அப்புறம் கேப், அதாவது பாயிண்ட் முழுதாகத் திறக்கும்போது முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி. 0.35 முதல் 0.40 மி.மீ., ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்துத்தான், கண்ணால் பார்த்து இல்லை. பாயிண்டைத் திறக்கும் கேம் மேல் உரசும் ஃபைபர் கட்டை தேய்ந்தால் கேப் குறையும், பாயிண்ட் லேட்டாகத் திறக்கும், டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்தங்கும், இன்ஜின் இன்னும் சூடாகும். அதனால் கேப்பைத் தொட்டால் டைமிங்கையும் பார்த்தே ஆக வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்க ஆரம்பிக்கணும். நான் இன்றைக்கும் சிகரெட்டைப் பிரித்து அந்தத் தாளைத்தான் முனைக்கு நடுவில் வைக்கிறேன், இழுத்துப் பிடித்த தாள் நழுவும் இடம்தான் கணக்கு. (நான் சிகரெட் பிடிப்பதில்லை, பெட்டிக்கடைக்காரர் மட்டும் நம்புவதில்லை.)

நெடுஞ்சாலைநாயகன்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் எலக்ட்ரானிக்கை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். நான் போட்டு 20,000 கி.மீ. ஓட்டிவிட்டேன், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்ததே இல்லை. உரசித் தேய ஒன்றும் இல்லை, ஐடில் நிதானமாக நிற்கிறது.

ஆனால் சிலதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒன்று, பேட்டரி. பாயிண்ட் இருக்கும்போது சோர்ந்த பேட்டரியிலும் எப்படியோ கிளப்பிவிடுவேன். இப்போது வோல்ட் இறங்கினால் ஸ்பார்க் கிடையாது, சில கிட்டுகளில் தப்பான நேரத்தில் அடித்து கிக்கர் காலைத் திருப்பி உதைக்கும், கணுக்கால் பத்திரம். இரண்டாவது, கிட்டோடு வரும் தாளில் காயில் (ஸ்பார்க்குக்கு வோல்ட்டை ஏற்றும் சுருள்) எத்தனை ஓம் என்று போட்டிருக்கும். அதைவிடக் குறைந்த காயிலை மாட்டினால் மாட்யூல் (கிட்டின் எலக்ட்ரானிக் பெட்டி) வெந்துவிடும். பேட்டரியின் பிளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்தால் அந்த நொடியே காலி, அதை நானே செய்து பார்த்தாச்சு.

எனக்கு மனசு கேட்காதது ஆம்பியர் மீட்டர்தான். சாவி போட்டதும் முள் மைனஸ் பக்கம் சாயும், கிக்கரை மெதுவாக அழுத்தினால் பாயிண்ட் திறக்கும் இடத்தில் நடுவுக்கு வரும், டீகம்ப்ரஸரைப் (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் லிவர்) பிடித்து இம்மி தள்ளி ஒரே உதை. அப்பா சொல்லிக் கொடுத்தது. இந்தக் கிட்டில் முள் அப்படி ஆடுவதே இல்லை, இப்போது கால் உணர்வை வைத்துத்தான் குத்துமதிப்பாக.

லாம்பிகாரன்:
என்னுடையது லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர், ஃப்ளைவீல் மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் சுழலும் காந்தத்தால் ஸ்பார்க்), அது வேறு கதை. ஆனால் சூட்டுக்கு ஒரு வழி: கண்டென்சரை உள்ளே வைக்காமல் வயர் நீட்டி வெளியே காயில் பக்கத்தில் வைத்துவிட்டேன். அதிலிருந்து நடுவழியில் நிற்கவில்லை.

பழையபீட்:
இன்னொன்று விட்டுப்போச்சு. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் நீங்கள் வைத்த கேப் ஓடும்போது நிற்காது, மாசம் ஒருமுறை பாயிண்டைத் திட்டிக்கொண்டே இருப்பீர்கள். உள்ளே, வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க் நேரத்தை மாற்றும் அட்வான்ஸ் ஸ்பிரிங்கும் தொளதொளத்திருந்தால் ஐடில் தாறுமாறாகத்தான் இருக்கும், அதே அட்வான்ஸை வைத்துக்கொண்டு மேலே கிட் மாட்டினால் அந்த வியாதி அப்படியே இருக்கும். என்ன போட்டாலும் கழற்றிய பாயிண்ட் பிளேட்டைச் செட்டாக டூல் பாக்ஸில் வையுங்கள்.

கட்டைவண்டி94:
நேற்று ராத்திரி மாடியில் லைட்டை அணைத்துவிட்டுத் தம்பியைக் கிக் அடிக்கச் சொன்னேன். மஞ்சள் பொறி, தீக்குச்சி கிழித்த மாதிரி. கண்டென்சரும் பாயிண்டும் புதுசு போட்டு, கேப் 0.38 வைத்து, இன்று மதியம் வெயிலில் வேண்டுமென்றே 60 கி.மீ. விரட்டினேன், ஒரு திக்கல்கூட இல்லை. கிட்டை இப்போதைக்கு வாங்கவில்லை. ஆனால் ஷாஃப்டில் லேசாக ஆட்டம் இருக்கிறது. திண்டுக்கல், மதுரைப் பக்கம் இந்தப் புஷ்ஷை ஒழுங்காகக் கடைந்து போட்டுத் தரும் லேத் பட்டறை யாருக்காவது தெரியுமா?