புதுப்பிப்பு: விலையேற்றமும் மகனின் உணவும்

வெள்ளை இடியப்பம், ஒரே வகை பிஸ்கற், பால்மா ஆகியவற்றைத் தவிர எதையும் தொடாத எங்கள் ஆறு வயது மகனின் உணவுச் செலவை எப்படிச் சமாளிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

"பசித்தால் தானாகச் சாப்பிடுவான்" என்ற அறிவுரையை நாங்கள் பின்பற்றவில்லை. மகனுக்கு இருப்பது, மிகச் சில உணவுகளைத் தவிர எதையும் ஏற்காத தவிர்ப்பு உணவுக் கோளாறு (ARFID). 2013இல் அமெரிக்க உளநல வகைப்பாட்டில் (DSM-5) தனி நோயாகச் சேர்க்கப்பட்ட இதில், பசி இருந்தும் பிள்ளை உண்ணாமல் எடை குறையக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார்.

கடை இடியப்பத்தை நிறுத்திவிட்டு, அரிசியை மில்லில் அரைத்து, வறுத்து, வீட்டிலேயே அவிக்கிறோம். செலவு வெகுவாகக் குறைந்துள்ளது. ஓரளவு பழகிய பின்னர், வெள்ளை மாவுடன் ஒரு தேக்கரண்டி சிவப்பரிசி மாவைக் கலந்தோம். நிறம் சற்று மாறியதும் தட்டைத் தள்ளிவிட்டான், ஆகவே இப்போது அரைத் தேக்கரண்டியுடன் நிற்கிறோம். பால் மிகுந்தால் இரும்புச்சத்துக் குறையலாம் என்பதால் பால்மாவின் அளவையும் மருத்துவரின் ஆலோசனைப்படி குறைத்திருக்கிறோம், அதனால் மாதச் செலவிலும் சிறிது மிஞ்சுகிறது. பிஸ்கற்றில் மட்டும் கை வைக்கவில்லை: மலிவான வேறு வகையைக் கொடுத்துப் பார்த்து, உள்ளதையும் இழக்கத் துணிவில்லை.

மிச்சம் பிடிப்பதெல்லாம் பெரியவர்களின் தட்டில்தான். திருகோணமலைச் சந்தையில் பெரிய மீனை விட்டு, மலிவாகக் கிடைக்கும் நாட்களில் சூடை வாங்குகிறோம். மாமியாருக்கு அதில் குறையேதும் இல்லை, முள்தான் அதிகமாம். அரசு வழங்கும் சத்துமாவான திரிபோஷ பற்றிச் சிலர் கேட்டீர்கள்: அது கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குமே வழங்கப்படுவதால் எங்களுக்குப் பொருந்தாது.