வரப்பில் பார்த்த பெயர் தெரியாத சிலந்தி

வெண்ணாற்றங்கரை:
புதுச் சிலந்தி என்றாலே மேற்குத் தொடர்ச்சி மலைதான் என்று இங்கே பலரும் எழுதுகிறீர்கள். நான் பார்த்தது நீடாமங்கலம் பக்கம், சம்பா நட்ட வயலின் வரப்பில். கோரைத் தாளில் உட்கார்ந்திருந்தது, நாலு மில்லிமீட்டர்கூட இருக்காது. விரலை நீட்டியதும் ஓடவில்லை, திரும்பி என்னைப் பார்த்தது. முன்பக்கம் இரண்டு பெரிய கண்கள். தாவும் சிலந்தி என்று அதிலேயே தெரிந்துவிடும். இந்த வகை வலை பின்னிக் காத்திருக்காது, குறிவைத்துப் பாயும். முதுகில் செம்பு நிறப் பட்டை, முன்கால்கள் மட்டும் கறுப்பு. எங்கள் வயலில் வழக்கமாகத் தென்படும் எதோடும் ஒத்துப்போகவில்லை.

சிலந்தி ஆய்வாளர் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். படம் போதாது, முதிர்ந்த ஆண் வேண்டும், பெண்ணும் கிடைத்தால் நல்லது என்றார். நிறம் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். ஆணின் வாயருகே குட்டிக் கால் போல இரண்டு உறுப்புகள் உண்டு. அவற்றின் நுனியால்தான் விந்தைப் பெண்ணிடம் சேர்க்கிறது. அந்த நுனியின் வளைவும் முள்ளும் இனத்துக்கு இனம் வேறு. பெண்ணுக்கு அடிவயிற்றில் உள்ள இனப்பெருக்கத் துளையின் அமைப்பைப் பார்ப்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து, அதே பேரினத்தில் ஏற்கெனவே பெயர் பெற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். 2022-இல் உலகச் சிலந்திப் பட்டியல் 50,000 இனங்களைத் தொட்டுவிட்டது என்றால், ஒப்பிடுவதுதான் எவ்வளவு பெரிய வேலை! விவரிப்பு ஆய்விதழில் வெளிவந்து, ஒரு சிலந்தியின் உடலை அந்தப் பெயருக்குரிய மூல மாதிரியாக அருங்காட்சியகத்தில் வைத்தால்தான் அது புது இனம். எங்களுடையது இன்னும் ஒப்பிடும் கட்டத்தில் இருக்கிறது.

ஆணைத் தேடிக் குனிந்திருந்தபோது, களை பறிக்க வந்த அக்கா கேட்டார்: "அத ஏன் தம்பி புடிக்கிற? புகையானத் திங்கிறதாச்சே." நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சிதான் புகையான். ரெண்டு மூணு போதும்க்கா என்றேன். உடனே அவரே, "கறுப்புக் காலுதானே? மேட்டு வரப்புல அருகம்புல்லுல பாரு" என்றார். அங்கேதான் ஆண் கிடைத்தது. இந்தச் சிலந்திக்குப் பெயர் எப்போது வந்தாலும், கட்டுரையின் நன்றிப் பகுதியில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்று ஆய்வாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்பதை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. கண்டபடி பூச்சிமருந்து அடிக்கிற வயலில் சிலந்தி செத்துப்போகும், அப்புறம் புகையான் முன்னைவிடப் பெருகும். யாரும் பார்க்காமலே போகிற இனங்கள் இதில் எத்தனையோ.

வேதாரண்யத்துக்காரி:
சரியாகச் சொன்னீர்கள் அண்ணே. காடுதான் வேண்டும் என்றில்லை. 2021-இல் பெயர் பெற்ற ஐசியஸ் துக்காராமி என்ற சிலந்தி மும்பைக்குப் பக்கத்து ஊர்களான தானே, கல்யாண் பகுதியில் கிடைத்ததுதானே? 2008 மும்பைத் தாக்குதலில் உயிர்விட்ட காவலர் துக்காராம் ஓம்பிளே பெயரை வைத்தார்கள். அதுவும் தாவும் சிலந்திதான்.

எங்கள் கொல்லையில் வாழை இலைமேல் ஓர் எறும்பு போனது. முன்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டே நடந்தது. தொட்டதும் நூலில் தொங்கி இறங்கியது! எறும்பு நூல் விடுமா? எறும்பு வேடச் சிலந்தி என்று அப்போதுதான் புரிந்தது. ஒன்றை எடுத்து அனுப்ப ஆசை. எதில் போட வேண்டும்?

வெண்ணாற்றங்கரை:
எழுபது, எண்பது சத எத்தனால் (ஆல்கஹால்), இறுக மூடும் சின்னப் புட்டி. ஊர், தேதி, எந்தச் செடி, பிடித்தவர் பெயர் எல்லாம் கெட்டித் தாளில் பென்சிலால் எழுதிப் புட்டிக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். வெளியே ஒட்டினால் கழன்றுவிடும்.