ஒற்றைத் தலைவலிக்கு வி.ஏ. ரேட்டிங்கை உயர்த்திக் கேட்க யாரிடம் போவது?

சான் அன்டோனியோ தமிழச்சி கேட்டது:

என் வீட்டுக்காரர், வெளிநாட்டுக்காரர்களை மொழித்திறனுக்காகச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தில், தமிழ் தெரிந்தவர் என்ற தகுதியில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். வெளியே வந்தபோது வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத் துறை) உடல் பாதிப்புக்கான ரேட்டிங்காக மொத்தம் 40 சதவீதம் கொடுத்தது, மாதப் பணம் அதைப் பொறுத்துத்தான்: ஒற்றைத் தலைவலிக்கு 30, வலது முழங்காலுக்கு 10, காது இரைச்சலுக்கு 10.

அன்றைக்கு இருந்த நிலைமை வேறு. இப்போது தலைவலி வந்தால் திரையை இழுத்துவிட்டு, ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார். சாயங்காலம் வரை எழுந்திருக்க முடிவதில்லை. பையன் பக்கத்து அறையில் பேசினாலே வாந்தி வருகிறது. வேலையில் லீவெல்லாம் தீர்ந்து சம்பளம் பிடிக்கிறார்கள்.

ஒரு கம்பெனி விடாமல் போன் செய்கிறது. எல்லாவற்றையும் அவர்களே எழுதித் தருவார்களாம், கூடுகிற தொகையில் ஐந்து மாதப் பணத்தை அவர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். இவரோ, "கேட்கப் போய் இருக்கறதும் போயிடும், விடு" என்கிறார். எனக்கு விட மனசில்லை. யாரிடம் போகலாம்? முழங்காலுக்கும் சேர்த்துக் கேட்கலாமா?

பழைய மெடிக்:

தங்கச்சி, அந்தக் கம்பெனிக்கு ஒரு கையெழுத்தும் போடாதீர்கள். இப்போது உயர்த்திக் கேட்கும் கோரிக்கைக்கு வி.ஏ.வின் முதல் தீர்ப்பு வருவதற்கு முன்னால், விண்ணப்பம் எழுதித் தர யாரும் பணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. தீர்ப்பு வந்தபின் மேல்முறையீட்டுக்கு அங்கீகாரம் பெற்ற வக்கீல் வைத்தால் அவருக்குக் கட்டணம் உண்டு. உங்கள் விஷயம் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை.

டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் சங்கங்கள் மூன்றிலும், விண்ணப்பத்துக்கு உதவும் சர்வீஸ் ஆபீசர்கள் இருக்கிறார்கள். உறுப்பினராக இல்லாவிட்டாலும் இலவசமாகச் செய்து தருவார்கள். டெக்சாஸில் கவுண்டி அலுவலகத்திலேயே வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீசரைப் பார்க்கலாம். யாரிடம் போனாலும் 21-22 படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அவர்கள் இவருக்காகப் பேச முடியும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே "இன்டென்ட் டு ஃபைல்", அதாவது விண்ணப்பிக்கப் போகிறேன் என்ற முன்னறிவிப்பு, போட்டுவிடுங்கள். வி.ஏ. தளத்தில் 526 என்ற இழப்பீட்டு விண்ணப்பத்தைத் தொடங்கினாலே அந்தத் தேதி பதிவாகிவிடும். முடித்து அனுப்ப ஒரு வருஷம் அவகாசம். ஜெயித்தால் பணம் பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்து கணக்காகும். ஆதாரம் தேடித் தேடியே மாதங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

முழங்காலைப் பற்றி. வி.ஏ. சதவீதங்களை நேராகக் கூட்டாது. நூறில் 30 போனால் மிச்சம் 70, அதில் 10 சதவீதம் 7, ஆக 37. அப்புறம் மிச்சமுள்ள 63-இல் 10 சதவீதம். 43 வரும், பக்கத்துப் பத்துக்குச் சரிக்கட்டி 40 என்று வைப்பார்கள். தலைவலி மட்டும் 50 ஆனால் மொத்தம் 60. அதோடு முழங்காலும் 20 ஆனால் கணக்கு 64, அதுவும் 60-தான். அதனால் முழங்கால் நிஜமாகவே மோசமாகியிருந்தால் கேளுங்கள், ஆனால் உழைப்பு முழுவதையும் தலைவலியில் வையுங்கள். காது இரைச்சலுக்கு 10-தான் உச்சவரம்பு, அதைத் தொட வேண்டாம்.

30-க்கும் 50-க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். சராசரியாக மாதம் ஒரு முறை ஆளைப் படுக்கையில் தள்ளும் தலைவலிக்கு 30. அடிக்கடி வந்து, நீண்ட நேரம் முழுதாக முடக்கி, பிழைப்பைக் கடுமையாகப் பாதிக்கிற அளவுக்கு இருந்தால் 50. வேலையே போயிருக்க வேண்டும் என்பதில்லை. பிழைப்பைக் கெடுக்கக்கூடிய அளவு என்பதை நிரூபித்தால் போதும். சம்பளம் பிடித்த சீட்டுகள், லீவுப் பதிவு, நரம்பு மருத்துவரின் குறிப்புகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

ஃபோர்ட் ஹூட் அக்கா:

நீங்கள் எழுதியிருக்கிறீர்களே ஈரத்துண்டு, வாந்தி என்று, அதை அப்படியே 21-10210 படிவத்தில் மனைவியின் வாக்குமூலமாக எழுதுங்கள். "மிகவும் அவதிப்படுகிறார்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது எழுந்தார், அன்று எந்த வேலை நின்றது என்று எழுதுங்கள். என் கணவர் விஷயத்தில் தீர்ப்புக் கடிதத்தில் என் வாக்குமூலத்தைக் குறிப்பிட்டே எழுதியிருந்தார்கள். ஒரு நோட்டுப் போட்டு இன்றிலிருந்தே தேதி வாரியாகக் குறியுங்கள்.

சர்வீஸ் ஆபீஸ் தன்னார்வலர்:

இருப்பதும் போய்விடுமோ என்ற பயத்துக்கு: கேட்டதற்காகவே குறைக்க மாட்டார்கள். ஆனால் கோப்பைத் திறந்து பார்க்கும்போது ஒரு பாதிப்பு குறைந்திருப்பதாகத் தெரிந்தால் குறைக்க முன்வரலாம், அதை மறைக்கக் கூடாது. கையில் வரும் தொகை குறையும் என்றால் முன்கூட்டியே கடிதம் அனுப்பி, பதில் ஆதாரம் கொடுக்க 60 நாள் தர வேண்டும். இவருடையது மோசமாகிக்கொண்டே போகிறது, சிகிச்சைப் பதிவும் இருக்கிறது. என் கருத்தில் தயங்க வேண்டியதில்லை.

அப்புறம், வி.ஏ. பரிசோதனைக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போக வேண்டும். உயர்த்திக் கேட்ட வழக்கில் தக்க காரணமில்லாமல் போகாவிட்டால் நிராகரித்துவிடுவார்கள். அன்றைக்குத் தலைவலி வந்து போக முடியாவிட்டால் உடனே போன் செய்து வேறு தேதி வாங்குங்கள்.

சான் அன்டோனியோ தமிழச்சி:

இன்டென்ட் டு ஃபைல் போட்டாகிவிட்டது. கவுண்டி அலுவலகத்திலும் நேரம் வாங்கிவிட்டேன். பரிசோதனையில் டாக்டர் "எப்படி இருக்கிறீர்கள்" என்றால் இவர் பழக்கத்தில் "நல்லா இருக்கேன் சார்" என்றுதான் சொல்வார். அதற்கு என்ன செய்வது?

பழைய மெடிக்:

படையில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. மிகைப்படுத்தவும் வேண்டாம், அடக்கிப் பேசவும் வேண்டாம். அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோய், கடைசியாகப் படுத்துக் கிடந்த நாளை அதிலிருந்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூட நீங்களும் போங்கள். உள்ளே விடுவது டாக்டரின் இஷ்டம், கேட்டுப் பாருங்கள்.