குட்டி உடும்பு ஏன் மரம் ஏறியது?

முட்டம் கடலோடி:
"சின்னத் தீவில் இரை குறைந்தாலும் வேட்டை விலங்குகள் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ளும். இந்தோனேசியாவின் கொமோடோ தீவில் குட்டி உடும்பு மரத்தில் பல்லி தின்கிறது, பெரியது தரையில் மான் தின்கிறது" என்று தக்கலை சார் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. சார், குட்டி மரம் ஏறுவது பங்குக்காக அல்ல, உயிருக்காக. தரையில் நின்றால் பெரிய உடும்பு அதையே விழுங்கிவிடும்!

தக்கலை ஆசிரியர்:
விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு முட்டத்திலிருந்து பாடம்! நல்லது. எதற்காக ஏறினால் என்ன? குட்டிக்குப் பூச்சியும் பல்லியும், மூன்று மீட்டர் நீளம் வரை வளரும் பெரியதற்கு மானும் பன்றியும். பஹாமாஸின் பிமினித் தீவில் அனோலிஸ் ஓணான் நான்கு வகை. ஒன்று தரையை ஒட்டி, ஒன்று அடிமரத்தில், ஒன்று சிறு கிளையில், இன்னொன்று இலைகளுக்குள். இடம் ஒன்றாகிவிட்டால் உடல் அளவும் இரையின் அளவும் வேறுபடும். 1968இல் சூழலியல் ஆய்வாளர் தாமஸ் ஷோனர் எழுதியது. நான் சொன்னதல்ல.

முட்டம் கடலோடி:
ஓணானை யார் கேட்டது? குட்டி உடும்பு ஏன் மரம் ஏறியது? அதைச் சொல்லுங்கள். ஷோனர்தான் வேண்டுமென்றால் அவரையே தருகிறேன். லோசோஸ், ஸ்பில்லர் என்ற இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து அதே பஹாமாஸில் சில குட்டித் தீவுகளில், அனோலிஸைப் பிடித்துத் தின்னும் சுருள்வால் ஓணானைக் கொண்டுபோய் விட்டார். தரையில் திரிந்த பழுப்பு அனோலிஸ் மெல்லிய கிளைகளுக்கு ஏறிவிட்டது. 2004இல் வந்த ஆய்வு. பேசி வைத்தா ஏறியது? பயந்து ஏறியது.

குளச்சல் கரைமடி:
விசைப்படகு வந்தால் வள்ளம் ஒதுங்கிப் போகிறதே, அதையும் பங்கீடு என்பாரோ சார்?

முட்டம் கடலோடி:
விசைப்படகைப் பற்றிப் பேச குளச்சலுக்கு என்ன தகுதி, அண்ணாச்சி? போன தடைக்காலத்தில் யார் என்ன செய்தார்கள் என்று எழுதினால் தாங்குவீர்களா?

குளச்சல் கரைமடி:
எழுதுங்களேன். முட்டத்துத் துறைமுகத்தில் நடப்பதையும் நான் எழுதுகிறேன்.

தேரூர் பறவைப்பித்தன்:
உடும்பை விடுங்கள். ஆஸ்திரேலியாவில் சாப்பல் மலைத் தீவு என்று ஒன்று உண்டு. அங்கே குட்டிப் புலிப்பாம்புக்கு அரணை. பெரிய பாம்புக்கு மட்டன்பேர்டு என்னும் கடற்பறவையின் குஞ்சு. அந்தக் குஞ்சு விழுங்கும் அளவில் இருப்பது சில வாரம்தான். அதற்குள் தின்று சேர்த்த கொழுப்பில் பெரியவை ஆண்டை ஓட்டிவிடும். இங்கே யாரும் மரம் ஏறவில்லையே, கடலோடி?

முட்டம் கடலோடி:
போன மாதம் நீர்க்காகத்தையும் பாம்புத்தாராவையும் குழப்பியவரா இது? பாம்பையும் கேட்கவில்லை. குட்டி உடும்பு ஏன் மரம் ஏறியது?

தேரூர் பறவைப்பித்தன்:
படம் மங்கலாக இருந்தது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். இன்னும் எத்தனை நாள் அதையே பிடித்துத் தொங்குவீர்கள்?

தக்கலை ஆசிரியர்:
ஏறியது, அங்கே தின்றது, பிழைத்தது. பெரியது கனம் தாங்காமல் ஏற முடியாது. ஆகவே மரத்து இரை குட்டிக்கு மட்டும். இதற்குமேல் விளக்கினால் எனக்குத்தான் அவமானம். இனி இங்கே எழுதப்போவதில்லை.

முட்டம் கடலோடி:
"பெரியது ஏற முடியாது" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதனால்தான் குட்டி ஏறுகிறது! செத்த மானைச் சுற்றிக் கூடும்போதும் பெரியதுதான் முதலில் தின்னும், சின்னது தள்ளி நின்று காத்திருக்கும். இதுவா உங்கள் சண்டையில்லாத பங்கு?

தக்கலை ஆசிரியர்:
காத்திருந்து தின்பதும் பங்குதான். உங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் எப்படியோ தெரியாது.

முட்டம் கடலோடி:
எழுதப்போவதில்லை என்றீர்களே, சார்? வீட்டுக் கல்யாணத்தை இழுக்காதீர்கள். குட்டி ஏன் மரம்...

குளச்சல் கரைமடி:
தடைக்காலத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றவர் இன்னும் எழுதவில்லை. காத்திருக்கிறேன்.