வெள்ளிக்கிழமை ரிவியூ, கோர்ஸையே விட்டுவிடலாமா?

மயிலாப்பூர்க்காரன்: வணக்கம். பி.ஆர்க் முடித்துவிட்டு சஸ்டெய்னபிள் டிசைன் மாஸ்டர்ஸுக்கு வந்திருக்கிறேன். நூறு வருஷத்துச் செங்கல் வீட்டைக் குளிர் தாங்கும்படி மாற்றுவதுதான் ஸ்டுடியோ வேலை. சுவரின் உள்பக்கம் 100 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு வைத்தேன், சூடு கசியும் அளவு, அதாவது யூ-வேல்யூ, 0.2-க்குக் குறைந்தது. டியூட்டர் செக்‌ஷனைப் பார்த்து, "தரையைத் தாங்கும் ஜாயிஸ்ட் மரமெல்லாம் உளுத்துப்போகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். இதற்கு நடுவில், இதைப் படித்தால் ஆர்க்கிடெக்ட் என்றே போட்டுக்கொள்ள முடியாது என்கிறான் ரூம்மேட். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் வாங்கியிருக்கிறார். வேறு கோர்ஸுக்கு மாறலாமா? வெள்ளிக்கிழமை ரிவியூ. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்டுட்கார்ட்_சிவா: முதலில் ஜெர்மன் படியுங்கள் பாஸ். மொழி இல்லாமல் எந்த ஆபீஸும் உள்ளே விடாது. இங்கே நான்கு வருஷப் படிப்பும் இரண்டு வருஷ அனுபவமும் காட்டி, ஆர்க்கிடெக்டன்காமர் என்கிற மாநில ஆர்க்கிடெக்ட் சபையில் பதிந்தால்தான் அந்தப் பட்டம். நான் வந்த புதிதில் பேக்கரியில் ரொட்டி கேட்கவே நாக்கு தந்தியடிக்கும்.

மயிலாப்பூர்க்காரன்: சொல்லாமல் விட்டுவிட்டேன், நான் இங்கிலாந்தில் இருக்கிறேன்.

ரொறன்ரோ_அக்கா: தம்பி, சாப்பிட்டீங்களா? அதை முதல் பாருங்கோ. நான் வந்த முதல் பனிக்காலம் இரவு கோப்பிக் கடையில வேலை, பகல் வகுப்பு. பஸ்ஸிலதான் நித்திரை. ஒருத்தரும் ஏனெண்டு கேக்கேல்லை. விட்டுட்டுப் போற கதை மட்டும் வேண்டாம்.

பழைய_பார்ட்2: அக்கா சொல்வதைக் கேட்காதே, மாறிவிடு. இங்கே 1997 சட்டப்படி ஏஆர்பி என்கிற ஆர்க்கிடெக்ட் பதிவு வாரியத்தில் பதியாமல் ஆர்க்கிடெக்ட் என்று தொழில் நடத்தக் கூடாது. பதிவுக்கு வழக்கமான வழி பார்ட் 1, 2, 3 என்று மூன்று கட்டத் தகுதி. உன்னுடையது ஒரு வருஷ எம்எஸ்சி என்றால் பெரும்பாலும் பார்ட் 2 கணக்கில் வராது. ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டான்.

எனர்ஜி_ஆளு: எல்லாருக்கும் அந்தப் பட்டம் எதற்கு? நான் பார்ட் 2 இல்லாமலேயே பில்டிங் பிசிக்ஸ் கன்சல்டன்சியில் இருக்கிறேன். ஐஇஎஸ், லேடிபக் மாதிரி சாஃப்ட்வேரும், எனர்ஜி குறைந்த பாஸிவ்ஹவுஸ் வீட்டுக் கணக்கும் தெரிந்தவனுக்கு வேலை உண்டு. கார்டில் என்ன போட்டிருக்கிறது என்று கிளையன்ட் கேட்டதே இல்லை.

பழைய_பார்ட்2: வேலை விசாவுக்கு ஸ்பான்சர்ஷிப் தரும் கம்பெனியும் கேட்டதில்லையா?

எனர்ஜி_ஆளு: அது நான் வந்த காலம், அப்போது வேற கதை. சரி, விடுங்கள்.

லீட்ஸ்_லதா: ஏ1 ஷீட் பிரின்ட் எடுக்கிற காசில் ஒரு வார மளிகை வாங்கிவிடலாம். லேசர் கட்டருக்கு ரேஷன் கடை மாதிரி வரிசை. நான் இருக்கும் ரூமில் பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. வீட்டுக்காரரைக் கேட்டால் ஜன்னலைத் திற என்கிறார். திறந்தால் ஹீட்டர் பில் யார் கட்டுவது?

ஸ்டுட்கார்ட்_சிவா: இங்கே ஜன்னல் திறப்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள்!

ரொறன்ரோ_அக்கா: வடாம் காயப்போட ஒரு வெயில் இல்லை, அதுதான் எனக்குக் கவலை.

கட்டடக்காரி: லதா வீட்டுப் பூஞ்சையும் தம்பியின் ஜாயிஸ்ட்டும் ஒரே பிரச்சினை, ஈரம். யாரும் அந்தச் சுவரைப் பற்றிப் பேசவில்லையே.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் யூ-வேல்யூ சுமார் 2. ரூம் சூடு வெளியே கசிவதால்தான் மழையில் நனைந்த செங்கல் காய்கிறது. உள்ளே தடியாக ஃபோம் வைத்தால் அந்தச் சூடு நின்றுவிடும், செங்கல் சில்லென்று ஈரமாகவே இருக்கும். ஜாயிஸ்ட் முனை அந்தச் செங்கலுக்குள்தானே செருகியிருக்கிறது? சமையல், குளியல் ஆவியும் போர்டு இடுக்கில் புகுந்து அங்கே போய்த் தண்ணீராகும். நம் ஊரில் வெயிலை மறைத்துக் காற்றை விடப் பழகிய கைக்கு இது புதிது, அவ்வளவுதான்.

60 மில்லிமீட்டர் வுட்ஃபைபர் (மரநார்) போர்டு, மேலே சுண்ணாம்புப் பூச்சு என்று மாற்றிப் பார். யூ-வேல்யூ 0.5 பக்கம்தான் வரும், ஆனால் ஈரம் உள்பக்கமாகவும் காய வழி இருக்கும். சுவரில் விட்டதைக் கூரையிலும் தரையிலும் பிடி, வெப்பத்தை மீட்கும் வென்டிலேஷன் சேர். சுவரின் ஈரத்தைக் கணக்கிடும் வூஃபி சாஃப்ட்வேரில் மழையையும் சேர்த்து ஓட்டு, ஆவியை மட்டும் பார்க்கும் கிளேசர் கணக்கில் மழை வராது. ரிவியூவில் பழைய செக்‌ஷனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டு. ஜாயிஸ்ட் முனையை 1:5 அளவில் வரை.

இங்கிலாந்து ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் பர்மிங்காமில் படித்துவிட்டுக் கேரளாவுக்குப் போய்த்தான் அந்த ஊர் மழையையும் செங்கலையும் கற்றுக்கொண்டார். நீ எதிர்த் திசையில் வந்திருக்கிறாய்.

கோர்ஸ் மாறுவதை ரிவியூவுக்குப் பிறகு பார். உன் கோர்ஸ் ஏஆர்பி பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே தேடு. பார்ட் 2 எம்.ஆர்க் பொதுவாக இரண்டு வருஷம், ஒரு வருஷக் கோர்ஸ் விசா அதற்குப் போதாது. அதனால் யுனிவர்சிட்டியின் இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் டெஸ்க்கைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே, ஏஜென்ட்டிடம் போகவே போகாதே. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு படிப்புக்குப் பின் தங்கி வேலை பார்க்கும் கிராஜுவேட் விசா இரண்டு வருஷத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது, அதையும் கணக்கில் வை.

உன் கோர்ஸ் ஒரு வருஷமா, இரண்டா? விசா எந்தத் தேதி வரை?

மயிலாப்பூர்க்காரன்: ஒரு வருஷம்தான். விசா தேதி பார்த்துச் சொல்கிறேன். வுட்ஃபைபர் போர்டுக்கும் செங்கலுக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டுமா?

கட்டடக்காரி: விடாதே. சுண்ணாம்பு பூசிச் சமப்படுத்தி, இடுக்கில்லாமல் ஒட்டு. செக்‌ஷனைப் போட்டோ எடுத்து இங்கேயே போடு, ராத்திரி பார்க்கிறேன்.