கூகுளில் இருந்து வந்தால் மட்டும் கம்பெனி சைட் ரம்மி பக்கத்துக்குப் போகிறது. அவசரம்!

பனியன்_திருப்பூர்: எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனி பெயரை கூகுளில் தேடி கிளிக் செய்தால் ரம்மி சைட் திறக்கிறது. முகவரியை நேரடியாக டைப் செய்தால் சரியாக வருகிறது. ஜெர்மனி பையர் பார்த்துவிட்டு மெயில் போட்டிருக்கிறார். என்ன பண்றதுங்க?

கணபதி_நெட்வொர்க்: சைட் வேர்ட்பிரஸ்ஸில் கட்டினதா? ஹோஸ்டிங் எப்படி? அதை ஓட்டுற பிஎச்பி மொழி எந்த வெர்ஷன்?

ஈரோடு_மஞ்சள்: உங்க கம்ப்யூட்டர்லதான் வைரஸ். விண்டோஸை மாத்திப் போடுங்க.

கணபதி_நெட்வொர்க்: பையருக்கும் அதேதானே வருது? அப்புறம் எப்படிங்க இவர் கம்ப்யூட்டர்?

சர்வர்_மூத்தவன்: இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கப் பழகுங்கள். வருகிறவர் எங்கிருந்து வருகிறார் என்று ரெஃபரரைப் பார்த்துத் திருப்பிவிடும் கோடு அது. ஓனர் முகவரியை டைப் செய்துதான் வருவார், அவர் கண்ணில் படக்கூடாது. சர்வர் எந்தப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் எச்டிஅக்சஸ் (.htaccess) கோப்பையும், சைட்டின் தோற்றத்தைத் தரும் தீம் கோப்புகளையும் பாருங்கள். படங்கள் ஏற்றும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி கோப்புக்குப் பொதுவாக வேலை இல்லை. இருந்தால் பெரும்பாலும் அதுதான் அவன் திரும்ப வர வைத்த பின்வாசல். காசு கொடுக்காமல் கிராக் செய்த தீம் போட்டீர்களா?

பெருந்துறை_ஐடி: வெளியிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் (ஆர்டிபி) போர்ட் 3389 திறந்திருக்கும். எங்க பக்கம் டேலி சர்வர்களில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைவது அப்படித்தான்.

சர்வர்_மூத்தவன்: வெப்சைட்டைப் பற்றிப் பேசுகிறோம்.

கோவை_ஆடிட்: முதலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்குச் சொல்லுங்க. 2022 ஏப்ரல் உத்தரவுப்படி தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சொல்லணும், சர்வரில் நடந்ததன் பதிவை (லாக்) 180 நாள் வைத்திருக்கணும்.

ஈரோடு_மஞ்சள்: சின்னக் கம்பெனிக்கு எதுக்குங்க அதெல்லாம்? நம்மளை யாரு அட்டாக் பண்ணப்போறாங்க?

கோவை_ஆடிட்: சைட்டுக்குள் புகுந்து வெளி லிங்க் சொருகுவது அந்தப் பட்டியலிலேயே இருக்கு. கம்பெனி சின்னதா பெரிசா என்ற பேச்சே அதில் இல்லை.

கணபதி_நெட்வொர்க்: ஆள் பார்த்து யாரும் வருவதில்லைங்க. ஓட்டை உள்ள பழைய பிளக்இன் (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் துணை புரோகிராம்) எங்கே இருக்கு என்று பாட் என்கிற தானியங்கி புரோகிராம் இரவு பகலாகத் தேடுது.

பனியன்_திருப்பூர்: வேர்ட்பிரஸ்தான். பிஎச்பி 7.4. அப்லோட்ஸில் பிஎச்பி கோப்பு இருந்தது, அழித்துவிட்டேன். சரியாயிடுச்சு. நன்றிங்க.

கணபதி_நெட்வொர்க்: அழிப்பதற்கு முன் லாக் எடுத்தீங்களா? எந்த வழியாக வந்தான் என்று தெரியாமல் விட்டால் மறுபடி வருவான். 7.4க்கு 2022 நவம்பரோடு சப்போர்ட் முடிஞ்சுது.

பனியன்_திருப்பூர்: மறுபடி வந்துருச்சுங்க.

கணபதி_நெட்வொர்க்: இருப்பதை அப்படியே காப்பி எடுத்துத் தனியாக வையுங்க. வேர்ட்பிரஸ், தீம், பிளக்இன் எல்லாம் அசல் இடத்திலிருந்து புதிதாக இறக்குங்க. தெரியாத அட்மின் யூசர், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை இருக்கா பாருங்க. ஹோஸ்டிங், டேட்டாபேஸ், மெயில் பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்துங்க.

பனியன்_திருப்பூர்: புதுசா ஏத்தியாச்சு. இப்போதைக்கு ஓடுது.

கோவை_ஆடிட்: கம்பெனி மெயிலும் அதே ஹோஸ்டிங்கிலா? அப்படியானால் உள்ளே வந்தவன் மெயிலையும் பிடித்திருக்கலாம். பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது என்று உங்க பேரில் பையருக்கு மெயில் ஏதும் போயிருக்கா? போன் போட்டுக் கேட்டுடுங்க.