கை மரத்துப்போனதற்குக் காலைத் தட்டிப் பார்த்த டாக்டர்

அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு கையிலும் விரல் மரத்துப்போகிறது என்று அவர் சொன்னதும், முதலில் பார்த்த மருத்துவரும் சரி, நாங்களும் சரி, சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்றே முடிவு கட்டிவிட்டோம். எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். அந்த எட்டு மாதமும் அவரை ஒருவர்கூட நடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. இதற்குள் சட்டைப் பொத்தான் போட அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கையெழுத்து கோணலாகிவிட்டது. படி இறங்கினால் கைப்பிடியை விடமாட்டார். வயதாகிறது, வேறென்ன என்று இருந்துவிட்டோம். இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அப்பா கையை நீட்டுகிறார், அவரோ "எழுந்து நடங்க ஐயா" என்கிறார். ஒரு காலின் விரல் நுனியை அடுத்த காலின் குதிகால் தொடுகிற மாதிரி, கோடு போட்டதுபோல நடக்க வேண்டும். மூன்றாவது அடியிலேயே அப்பா தடுமாறினார்.

படுக்க வைத்துச் சுத்தியலை எடுத்தார். முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டியதும் கால் விருட்டென்று எகிறியது. குதிகாலுக்கு மேலே தட்டியபோதும் அப்படித்தான். "சர்க்கரையால நரம்பு கெட்டிருந்தா இந்தக் குதிகால் அசைவுதான் முதல்ல குறையும். மதமதப்பும் பெரும்பாலும் பாதத்துலதான் தொடங்கும். உங்களுக்கு எல்லாம் தலைகீழா இருக்கு" என்றார். தட்டினால் செய்தி தண்டுவடம் வரை போய்த் திரும்புமாம். அந்த அசைவு அளவு மீறாமல் மூளை மேலிருந்து அடக்கி வைத்திருக்குமாம். மூளையிலிருந்து இறங்கும் பாதை நசுங்கினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும், கால் துள்ளும்.

அடுத்து மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பக்கம் தட்டினார். முழங்கை மடங்க வேண்டிய இடத்தில் விரல்கள் மடங்கின. இதை மட்டும் மூன்று முறை தட்டிப் பார்த்தார். கடைசியாக உள்ளங்காலின் வெளி ஓரத்தில் குதிகாலிலிருந்து மேல்நோக்கிக் கீறினார். பெருவிரல் மேலே எழுந்தது. பெரியவர்களுக்கு அது கீழே மடங்க வேண்டும். மூளையிலிருந்து இறங்கும் பாதை கெட்டதற்கு 1896இல் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் சொன்ன அடையாளம் இது.

ஸ்கேனுக்கு எழுதுவதற்கு முன்பே, மணிக்கட்டில் தட்டியபோது விரல்கள் மடங்கியதை வைத்து, கழுத்தெலும்புகளை வரைந்து, ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே வட்டம் போட்டுக் காட்டினார். எம்ஆர்ஐயில் தண்டுவடம் நசுங்கியிருந்தது அதே இடத்தில்தான். "இனிமே மோசமாகாம தடுக்கத்தான் ஆபரேஷன். போனதெல்லாம் திரும்பும்னு சொல்லமாட்டேன்" என்றார். இப்போது அப்பா நன்றாக நடக்கிறார். பொத்தான் மட்டும் இன்னும் அம்மாதான்.

*

உங்கள் அப்பாவைப் பற்றிய இந்தப் பதிவைப் படித்ததும் என் கதை ஞாபகம் வந்தது. காய்ச்சலில் கிடந்து சட்டென்று எடை குறைந்திருந்த சமயம். கால்மேல் கால் போட்டு உட்காருவது எனக்குப் பழக்கம். ஒருநாள் காலையில் வலது பாதம் தொங்கிவிட்டது, செருப்பு தரையில் இழுபட்டது. பார்த்தவர்களெல்லாம் முதுகுத் தட்டு விலகல் என்றார்கள்.

மருத்துவர் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பித் தன் கையைத் தள்ளச் சொன்னார். அந்த வலு அப்படியே இருந்தது. இடுப்பில் ஐந்தாவது நரம்பு வேர் அழுந்தியிருந்தால் அதுவும் தளர்ந்திருக்கும் என்றார். முழங்காலுக்கு வெளிப்பக்கம், கீழே துருத்தும் எலும்பைச் சுற்றி விரலால் தட்டினார். புறங்கால்வரை சுருக்கென்று ஓடியது. நரம்பு அழுந்திய இடம் அதுதான். கால்மேல் கால் போடுவதை அன்றோடு விட்டேன். மூன்று மாதத்தில் பாதம் எழும்பிவிட்டது.

*

எனக்குத் தட்டியபோது முழங்கால் அசையவே இல்லை. அதிலிருந்து பயமாக இருக்கிறது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

*

நான் பிசியோதெரபிஸ்ட். பயப்படாதீர்கள் தங்கச்சி. இறுக்கமாக உட்கார்ந்தாலே அசைவு சரியாகத் தெரியாது. இரண்டு கை விரல்களையும் கொக்கிபோலக் கோத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வெளிப்பக்கமாக இழுங்கள். அந்த நொடியில் தட்டச் சொல்லுங்கள். பலருக்கு அப்போதுதான் வரும். சிலருக்கு இயல்பாகவே இரண்டு பக்கமும் குறைவாக இருக்கும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றாலோ, மதமதப்பு, பலவீனம் கூடவே இருந்தாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள். அன்று உங்களுக்கு எத்தனை முறை தட்டினார்கள், இரண்டு காலிலும் பார்த்தார்களா?